ஐசிங் வைத்த விளக்குகள்

ஆகஸ்ட் 30, சனி

இந்த நோட்டு ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசாகக் கிடைத்தது. ஆறுதல் யாருக்கு என்று தெரியவில்லை. என் ஓவியத்தைப் பார்த்த நடுவருக்காக இருக்கலாம்.

எழுதுவது பூர்விகா, பதினோராம் வகுப்பு, பொள்ளாச்சி. எழுதும் காரணம்: எங்கள் வண்டி இன்று முடிந்துவிட்டது. அதாவது, முடிந்துவிட்டது என்று அப்பா சொல்கிறார்.

ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற பெட்டி வீடு அது. பொங்கலில் இருந்து பேக்கரியின் பின்வாசலில் அப்பா தானே செய்தது. பழைய டிரெய்லர் சக்கரம், மேலே அலுமினியத் தகடு, உள்ளே ஒரு மெத்தை, ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். அப்பா அதைக் கேரவன் என்கிறார். தெருக்காரர்கள் கோழி வண்டி என்கிறார்கள். யார் மனமும் புண்படாமல் நான் ‘கோழிவன்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பேக்கரியின் பெயர் நியூ கோமளா பேக்கரி. கோமளா என் அம்மா. பழைய கோமளா பேக்கரி என்று ஒன்று இருந்ததே இல்லை. கல்யாணமான புதிதில் வைத்த பெயர், அதனால்தான் ‘நியூ’ என்பார் எங்கள் கேக் மாஸ்டர் கனகு அண்ணன்.

அம்மா மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். போன வருஷம் ஜூனில் வால்பாறைக்கு மாற்றினார்கள். அங்கே மழையில் மரம் விழுவதும் கம்பி அறுவதும்தான் ஊரின் பொழுதுபோக்கு, அதனால் அம்மாவுக்கு லீவு கிடையாது. வாரியத்தில் இருக்கிறாள், எந்த வாரமும் வருவதில்லை. நாங்கள் போகலாம் என்றால் தங்க இடமில்லை. ஸ்டெல்லா அக்கா என்பவரோடு ஒற்றை அறையில் அம்மா. காலாண்டு லீவில் லாட்ஜெல்லாம் டூரிஸ்ட்டுகளுக்கே போதாது. ஆகவே கோழிவன். அதை இழுத்துக்கொண்டு மேலே போய், அம்மா ஆபீஸ் பக்கத்தில் நிறுத்தி, லீவு முழுக்க அதிலேயே குடியிருப்பது என்பது அப்பாவின் திட்டம்.

அம்மா போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“மலைல, மழைல, பனில வர்ற வண்டிக்கு வெளி லைட்டுதானுங்க உசுரு. பின்னால வர்ற பஸ்ஸுக்கு நீங்க தெரியோணும். லைட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி நின்னுச்சுன்னாலும் இந்த லீவுக்கு யாரும் மேல வர வேண்டாம். சொல்லிட்டேன்.”

“கோமளா, நானு இருவது வருசமா கேக்குக்கு ஐசிங் வெக்கறவன். ஒரு லைட்டச் சுத்திப் பூசத் தெரியாதா எனக்கு?”

அம்மா இல்லாததில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. கட்டிலில் ஜன்னல் பக்கம் கிடைத்திருக்கிறது. அம்மாவின் தலையணையும் கிடைத்திருக்கிறது. உறையை இத்தனை நாள் துவைக்காமல் வைத்திருப்பது சுத்தமான சோம்பேறித்தனம்.

செப்டம்பர் 1, திங்கள்

விளக்குகள் மொத்தம் ஐந்து. முதுகில் சிவப்பு இரண்டு, விலாவுக்கு ஒன்றாக மஞ்சள் இரண்டு, கதவுக்கு மேலே பெரிய வெள்ளை ஒன்று. வெள்ளை மட்டும் வண்டி நின்ற பிறகு வாசல் வெளிச்சத்துக்கு.

கடையில் சிலிக்கான் பசையோடு, அதைப் பிதுக்க ஒரு துப்பாக்கியும் கொடுத்தார்கள். அப்பா துப்பாக்கியை ஓரமாகப் போட்டார். பட்டர் பேப்பரில் கோன் சுற்றினார், பசையை நிரப்பினார், அதன் நுனியில் நட்சத்திர நாசில் மாட்டினார். பிறகு ஒவ்வொரு விளக்கையும் சுற்றி அலை அலையாக, முத்து முத்தாக வைத்துக்கொண்டே போனார். எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. இது அப்பாவின் கௌரவப் பிரச்சினை. ஓரத்தில் ஊசி நுழைகிற இடம் இருந்தாலும் அந்தக் கேக் கடையை விட்டுப் போகாது.

“பசை ஊறுகா நாத்தம் அடிக்குதுங்கப்பா.”

“காஞ்சாப் போயிரும் கண்ணு.”

கனகு அண்ணன் தள்ளி நின்று ரசித்தார். “அண்ணா, அந்தச் செவப்பு லைட்டுல ‘ஹேப்பி பர்த்டே’ எழுதீரலாமுங்களா?”

இத்தனை பெரிய கலைஞர் வேலை செய்யும்போது சிஷ்யை சும்மா இருக்கக் கூடாது. இடது சிவப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடியைத் திருகி மாட்டுவதற்கு முன்னால், பிறந்தநாள் கேக்குக்கு மேலே வைக்கிற பிளாஸ்டிக் மீன் ஒன்று எப்படியோ உள்ளே குதித்துவிட்டது. அது முதல் குறும்பு. கடைசியாக வெள்ளை விளக்குக்கு அப்பா “இன்னொரு கோன் குடு” என்று திரும்பாமலே கை நீட்டினார். கனகு அண்ணன் கலக்கி வைத்திருந்த பட்டர் கிரீம் கோனும் அதே வெள்ளை, அதே கனம். திரும்பிப் பார்க்காதவர் தவறு.

செப்டம்பர் 3, புதன்

கதவு விளக்கைச் சுற்றி எறும்பு. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசை நான் பார்த்ததில்லை.

அப்பா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பேக்கரிக்காரர்கள் துப்பறிவது அப்படித்தான். “வெனிலா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பூர்வீ!” என்றார்.

தண்டனை: இரண்டு நாள் பிஸ்கட் டிரே கழுவல். வெள்ளை விளக்குக்குப் புதுப் பசை.

செப்டம்பர் 6, சனி

விடிகாலையில் நல்ல மழை. நானும் அப்பாவும் குடையில்லாமல் ஓடிப்போய்ப் பார்த்தோம்.

ஐந்து விளக்கிலும் தண்ணீர். சிவப்பில் ரோஸ் மில்க், மஞ்சளில் மாம்பழ ஜூஸ், வெள்ளையில் வெறும் பச்சைத் தண்ணீர். நீர்க்காப்பு செய்யச் சொன்னால் அப்பா நீர்க் காப்பி ஆற்றி வைத்திருக்கிறார்.

“சுத்தி எங்கயும் கேப்பே இல்லியே கண்ணு! எப்புடி உள்ள போச்சு?” அப்பா முத்து முத்தாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பலமுறை சுற்றி வந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் வீடியோ கால். அப்பா போனை ஜன்னல் பக்கமாகவே பிடித்தார். “ஸ்கிரீன் துணி புதுசு கோமளா, பூப்போட்டது.”

“பின்னால காமிங்க.”

“மெத்தைகூட…”

“பின்னால.”

காட்டினார். அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனது தெரிந்தது.

“ஏனுங்க, அதுக்குள்ள என்ன நீந்துது?”

அப்பா அப்போதுதான் பார்த்தார். மீன் மிக நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றியது.

“ஜிலேபிக் கெண்டைங்கம்மா. பேக்கரிக்காரங்க வேற என்ன வளப்பாங்க?” என்றேன்.

இந்த ஜோக்கை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“போன வாரம் இங்க பனில ஒரு ட்ராக்டர் பின்னால லைட் எரியாம நின்னுருந்துச்சு பூர்வி. பைக்குல வந்த பையன் நேராப் போய் மோதிட்டான். கம்பத்துல லைன் பாத்துட்டிருந்த நாங்கதான் தூக்கிட்டு ஓடுனோம். உனக்கு எல்லாமே லொள்ளு.” அப்புறம் அப்பாவிடம், “யாரும் வர வேண்டாமுங்க. நான் தீபாவளிக்கு லீவு கேட்டுப் பாக்கறேன்.”

போன் வைக்கப்பட்டது. போன தீபாவளிக்கும் லீவு கேட்டுத்தான் பார்த்தாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டிரே எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று நானே கேட்டு வாங்கிக் கழுவினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மீனை வெளியே எடுக்கும்வரை முகத்தில் முழிக்காதே என்பது அப்பாவின் உத்தரவு. மூடியைக் கழற்ற முடியவில்லை. அப்பாவின் ஐசிங் கருங்கல்லாகக் காய்ந்திருக்கிறது. சுரண்டினால் கேக் கத்தி வளைகிறது.

கேக் வெந்ததா என்று குத்திப் பார்ப்போமே, அந்தக் கம்பியை அடுப்பில் காய்ச்சினேன். விளக்கின் அடிப்பக்கம் பசையோடு சேர்த்து மூடியில் ஒரு குத்து. தண்ணீர் முழுக்க என் சட்டையில் இறங்கியது. மீன் வரவில்லை. வால் ஓட்டைக்கு வந்து எட்டிப்பார்த்தது, உடம்பு வர மறுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் பேச்சுவார்த்தை நடத்தியும் பலனில்லை. ஓட்டையை அடைக்காமலே விட்டுவிட்டேன். போகாத வண்டிக்கு ஓட்டை இருந்தால் என்ன.

செப்டம்பர் 11, வியாழன்

இயற்பியல் தேர்வு. காலாண்டு என்றால் காலை வாரும் ஆண்டு. அவ்வளவுதான்.

செப்டம்பர் 13, சனி

மறுபடி மழை. இந்த முறை நான் மட்டும்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா போர்வையை விட்டு வரவில்லை. ஒரு வாரமாகவே அப்பா கேக்குகளுக்கு வெறும் கோடு மட்டும் போடுகிறார். பூ வைப்பதில்லை. ஒரு வாடிக்கையாளர் “வீட்ல ஏதாச்சும் துக்கங்களா?” என்றே கேட்டுவிட்டார்.

நான்கு விளக்கில் தண்ணீர். இடது சிவப்பில் இல்லை. மீன் விளக்கின் அடியில் மல்லாந்து கிடந்தது, சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல்.

நான் போட்ட கூச்சலில் அப்பா லுங்கியோடு ஓடிவந்தார், கனகு அண்ணன் மாவுக் கையோடு.

“அப்பா! ஓட்டை போட்ட லைட்டு மட்டும் காஞ்சு கெடக்குது!”

அப்பா குனிந்து பார்த்தார். முகம் மாறியது. “அடிப்பாவி, ஓட்டை போட்டு வெச்சிருக்கறயா?” என்று பசைக் கோனை எடுக்கத் திரும்பினார். நான் விளக்குக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“அடைக்கக் கூடாதுங்கப்பா. வர்ற தண்ணி அது வழியாத்தான் போயிருக்குது. மத்த நாலுலயும் வந்த தண்ணிக்குப் போக வழியில்ல. நீங்க அத்தன அழகா அடச்சு வெச்சிருக்கறீங்க.”

“கீழ தொறந்து உட்டா அது அரகொற வேலை கண்ணு. இருவது வருசத்துல ஒரு கேக்குக்காச்சும் நான் ஓரம் உட்டிருக்கறனா?”

“ஓரத்த விடுங்க. அடில ஐசிங் வெப்பீங்களா?”

அப்பா குனிந்து விளக்கின் அடியைப் பார்த்தார்.

“அட, ஆமாங்கண்ணா!” கனகு அண்ணன் மாவுக் கையால் தலையில் அடித்துக்கொண்டார். தலை நரைத்தது. “அடில நாம அட்டைதான வெக்கறோம்!”

அப்பா அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். “மேலயும் பக்கத்துலயும் வெச்சு, கீழ உட்டரோணும்” என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி. கண்டுபிடித்துவிட்டுப் போகட்டும். கடைக்குள் போனவர் அன்றைய முதல் கேக்கில் ஒன்பது ரோஜா வைத்தார். அது கண்ணீர் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போன பிளம் கேக். யாரும் புகார் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தண்ணீர் போக வழி கிடைத்துவிட்டது. ஆனால் வருவது எங்கிருந்து என்பது புரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் அம்மாவும் நானும் மீன் விஷயத்துக்குப் பிறகு “சாப்ட்டியா, சாப்ட்டேன்” அளவில்தான் இருக்கிறோம். எனவே மாவு சலிக்கும் ஜல்லடை எங்கே இருக்கிறது என்று கேட்கப் போன் செய்தேன்.

“பேக்கரி நடத்தற ஊட்டுல ஜல்லடை எங்கன்னு மலை மேல இருக்கற என்னையக் கேக்கற. உன்ற கைல இருக்குதா, மடில இருக்குதா?”

மடியில் இருந்தது.

“சரி, விசயத்துக்கு வா.”

நான் எல்லாம் சொன்னேன். ஓட்டை, மீன் காய்ந்தது, கேக்கின் அடிப்பாகம், அப்பாவின் ஒன்பது ரோஜா.

“செருப்பப் போட்டுட்டுத் தெருவுக்குப் போ” என்றாள் அம்மா. “கம்பத்துல இருந்து நம்மூட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயரப் பாரு. நேரா இழுத்துக் கட்டிருக்குதா?”

“இல்லைங்கம்மா. ஊட்டுக்குள்ள போற எடத்துல தொங்குது. தொங்கி, அப்பறம் மேல ஏறி, பைப்புக்குள்ள போகுது.”

“அடுத்த ஊடு?”

“அதுவும் தொங்குது.”

“ஏன் தொங்குது?”

நான் தெரு முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லா வீட்டிலும் ஒயர் உள்ளே நுழைவதற்கு முன் ஒருமுறை கீழே வளைந்து தொங்குகிறது. இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருக்கிறேன், எவனோ சோம்பேறி கட்டியது என்றே நினைத்திருந்தேன். இன்னும் விடாத தூறலில் ஒரு வளைவின் அடியில் சொட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்தது. அடுத்தது வந்தது. மேலே ஏறிப் பைப்புக்குள் எதுவுமே போகவில்லை.

“அம்மா! ஒயர் மேல ஓடி வர்ற தண்ணி வளைவுல சொட்டிருது! நம்ம கோழிவன்ல ஒயரு கூரைல இருந்து நேரா எறங்கி லைட்டு முதுகுக்குள்ள போகுது. தண்ணிக்கு அதுதான் ரோடு!”

சொல்லி முடிப்பதற்கும் நான் ஒரு பால்காரர் சைக்கிளில் மோதுவதற்கும் சரியாக இருந்தது. “மேல பாத்துட்டே நடந்தா எப்புடி அம்மிணி? ஏரோப்ளேன்ல யாராச்சும் வர்றாங்களா?” என்றார் அவர்.

அம்மா சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக வராத சிரிப்பு. “டெஸ்ட் பண்ணி எனக்குக் காமிங்க. அப்பறம் பாக்கலாம்.”

பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், நான் எதற்குச் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்கிறேன் என்று விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒரு வாரமாக மாலை வேலை. பழைய பசையைச் சுரண்டினோம். மீன் விடுதலை ஆனது. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ரப்பர் வாஷர் வைத்து, ஒயரைக் கீழே ஒரு வளைவு வளைத்து, பிறகு மேலேற்றி உள்ளே விட்டேன். ஒயர் நுழையும் துளையில் பசை. அப்பா மேலேயும் பக்கத்திலும் அலை வைத்தார். அடிப்பக்கம் வரும்போதெல்லாம் அவர் கை தானாக நீண்டது. நான் “அட்டை!” என்று கத்துவேன். கை பின்வாங்கும்.

இன்று காலை வாட்டர் சர்வீஸ் கடையில் தேர்வு. கனகு அண்ணன் கையில் கார் கழுவும் குழாய், என் கையில் போன், போனுக்குள் அம்மா.

“மேல இருந்து அடிங்க கனகு. இன்னும். பக்கத்துல. அவரு மொகத்தப் பாக்காதீங்க, லைட்டப் பாத்து அடிங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தன் கேக்கின் மேல் யாரோ தண்ணீர் அடிப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

நின்றதும் ஒவ்வொரு விளக்காகக் காட்டினேன். முதல் சிவப்பு, சுத்தம். இரண்டாவது, சுத்தம். மஞ்சளில் அம்மா நிறுத்தினாள். “அதுல என்ன, புகை மாதிரி?” சட்டை முனையால் துடைத்தேன். போய்விட்டது. வெளியே படிந்த ஈரம்தான், என் மூச்சுக் காற்று.

“பாஸ்” என்றாள் அம்மா. “டிஸ்டிங்ஷன் இல்ல. ஆனா பாஸ்.”

அப்பாவும் கனகு அண்ணனும் கட்டிப்பிடித்துக்கொண்டதில் குழாய் என் பக்கம் திரும்பியது. நீர்க்காப்பு எனக்குத்தான் தேவைப்பட்டது. ஒழுக்கம் என்றால் ஒழுகாமல் இருப்பது என்று தமிழ்த் தேர்வில் எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

தேர்வு முடிந்தது. ஒழுக்கம் பற்றிக் கேள்வியே வரவில்லை. நாளை கிளம்புகிறோம். செவ்வாய் காலைக்குள் திரும்பிவிட வேண்டும், மறுநாள் ஆயுத பூஜை, ஸ்வீட் ஆர்டர் குவிந்திருக்கிறது. லீவு முழுக்க என்ற திட்டம் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. மூன்று நாளாவது கிடைத்ததே என்கிறார் அப்பா. எனக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. தூக்கம் வரவில்லை, அது புழுக்கம் காரணமாக.

செப்டம்பர் 27, சனி

செக்போஸ்ட்டில் காவலர் கோழிவனைச் சுற்றிப் பார்த்தார். “கோழிங்களா ஏத்திட்டுப் போறீங்க?”

“இல்லீங்க சார், என்ற புள்ளைய.”

அவர் என்னைப் பார்த்தார். “சத்தம் ஒண்ணுதான்” என்று கதவைத் திறந்துவிட்டார்.

பாதி மலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அதற்கு மேலே பனி. ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். கோழிவனின் முதுகில் இருந்து வெள்ளைப் பனியில் இரண்டு சிவப்பு வெளிச்சங்கள் மங்காமல் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பஸ், எங்கள் வேகத்துக்கே, பொறுமையாக. அகலமான இடத்தில் வழி விட்டோம். டிரைவர் ஜன்னலைத் திறந்து, “உங்க லைட்டப் பாத்துட்டேதாங்க வந்தேன், இல்லாட்டி ரோடே தெரியல” என்று கத்திவிட்டுப் போனார். அப்பா அதற்குப் பிறகு ஊர் வரும்வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினார்.

வால்பாறை வந்தபோது சாயங்காலம்தான், ஆனால் இருட்டியிருந்தது. கரண்ட் இல்லை. அம்மா ஆபீசிலும் இல்லை. ஸ்டெல்லா அக்கா குடையோடு ஓடிவந்தார். “எஸ்டேட் ரோட்டுல மரம் விழுந்திருச்சு. மேடம் அங்கதான். ஆஸ்பத்திரிக்குப் போற லைனும் அதுலதான் வருது, ஜெனரேட்டர் எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியல.”

போனோம். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் மஞ்சள் ரெயின்கோட்டில் ஒருத்தி, ஏணியில் ஓர் அண்ணன், சுற்றி மூன்று பேர். எல்லார் கையிலும் டார்ச். டார்ச் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி அவர்கள் கண்ணையே கூச வைத்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் இறங்கி மழையில் நின்று, “வாங்க, வாங்க, இன்னும், ஒடிச்சு வாங்க” என்று கோழிவனைப் பின்னால் வரவழைத்தேன். கதவு விளக்கின் சுவிட்சைப் போட்டேன்.

கம்பம் முழுக்கப் பகலானது.

ரெயின்கோட் திரும்பாமலே கத்தியது. “யாருங்க அது? ரொம்ப நல்லது, அப்படியே நிக்கட்டும்! ஆரோக்கியம், அந்த மூணாவது ஜம்பர் கம்பியப் பாருங்க!”

நாங்கள் அப்படியே நின்றோம். மழை தகட்டில் கொட்டி, கூரை விளிம்பில் வழிந்து, விளக்கின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. விளக்கு அசரவில்லை. ஆரோக்கியம் அண்ணன் இறங்கினார். அம்மா போனில் யாரிடமோ “லைனச் சார்ஜ் பண்ணுங்க, கரண்ட் விடலாம்” என்றாள். கீழே பள்ளத்தில் ஊர் பொட்டுப் பொட்டாக எரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் அம்மா திரும்பினாள்.

எங்களைப் பார்த்தாள். வாய் ஏதோ சொல்ல வந்தது. வந்தது இதுதான்:

“அந்த லைட்டு எவ்வளவு நேரமா நனையுது?”

நேராக விளக்குக்குப் போனாள். எம்பி, மூடியைத் தட்டி, அடியில் விரல் வைத்துத் தடவி, ஒயர் வளைவை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து ரெயின்கோட் கையால் என் முகத்தைத் துடைத்தாள். அந்தக் கை என் முகத்தைவிட ஈரம். என் முகத்தில் இருந்தது மழை. இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். மழை.

“மேடம், இது உங்க ஊட்டுக்காரருங்களா?” என்றார் ஆரோக்கியம் அண்ணன். “நான் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து புது வண்டி அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன்.”

கோழிவனுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் மரியாதை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. எங்கேயும் போகவில்லை. மெத்தையில் இரண்டு பேருக்குத்தான் இடம், மூன்று பேர் இருக்கிறோம். அம்மா நடுவில், ஒரு கை அப்பா முகத்தில், ஒரு கால் என் மேல். தூங்கும்போதும் “ஃப்யூஸ் போட்டாச்சா” என்கிறாள். நான் “போட்டாச்சுங்க மேடம்” என்றேன். நிம்மதியாகத் திரும்பிப் படுத்தாள். ஜன்னல் பக்கம் அப்பாவுக்குப் போய்விட்டது. திருப்பிக் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மத்தியானம் கிளம்புவதாக இருந்தது. பையெல்லாம் கட்டியாகிவிட்டது. அப்பா ஜீப்பில் கொக்கியை மாட்டினார். கனகு அண்ணன் காலையிலிருந்து போனில், “லட்டுக்கு நெய் பத்தாது, எப்ப வர்றீங்கண்ணா?”

அம்மா ஆபீசிலிருந்து ரெயின்கோட்டோடு வந்தாள். கிளம்புவதற்கு முன் விளக்குகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டுமாம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வலது சிவப்பில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

“ஏனுங்க” என்றாள். “இதுல ஈரம் இருக்குது.”

அப்பா பதறி ஓடிவந்தார். நானும் ஓடினேன். மூடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். உள்ளே பல்பு இருந்தது. ஒரு திருகாணி இருந்தது. வேறு எதுவும் இல்லை. நேற்று சுட்ட ரஸ்க் மாதிரி காய்ந்து கிடந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அளவுக் கருவியில் அரைப் புள்ளி கூடினாலும் அப்படியே எழுதுகிற அம்மா. என் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுகூடக் கூட்டல் சரியா என்று போட்டுப் பார்க்கிற அம்மா. அவள் என்னைப் பார்க்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதோட மலை எறங்கக் கூடாதுங்க. நான் சம்மதிக்க மாட்டேன். வெயில்ல வெச்சு நல்லாக் காயோணும்.”

அப்பா குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார். “தெரியுது, தெரியுது” என்றார். “ஓரமா நிக்குது. பூர்வி, நீயும் பாரு.”

“குளமே இருக்குதுங்கப்பா” என்றேன்.

அப்பா கொக்கியைக் கழற்றினார். போனை எடுத்து, “கனகு, நெய் வாங்கி நீயே பிடிச்சுரு. ஆமா. லைட்டுல பிரச்சினை. இல்ல, வெயில் வந்தவொடனே கெளம்பிருவோம்” என்றார்.

பக்கத்தில் ஏணி சுமந்துகொண்டு போன ஆரோக்கியம் அண்ணனிடம், இங்கே எப்போது வெயில் வரும் என்று கேட்டேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். பனியில் வானமே தெரியவில்லை.

“ஜனவரில கொஞ்சம் வரும்” என்றார்.